ரிலேவுக்கு ஆள் போட்ட கதை

தப்பு முழுக்க உம்முடையது, மெக்கானிக் ஐயா. "ரிலே போச்சு, புதுசு வாங்கிப் போடுங்க" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உம்முடைய வேலையைப் பார்த்திருக்கலாம். கொட்டாம்புதூர்க்காரர்களுக்குப் போய் விளக்கம் சொன்னீரே, யாரைக் கேட்டுச் சொன்னீர்? அந்த ஊர் ரேஷன் கடையில் 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதி வைத்த நாளிலிருந்து, கடை பூட்டிக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையும் வரிசை நிற்கிறது. இது உமக்குத் தெரியாதா?

நாச்சிமுத்து, பொங்கியண்ணன், சென்னியப்பன் மூன்று பேரும் பங்காளிகள். மூவருக்கும் பொதுவில் ஒரு பழைய கார். நாச்சிமுத்து பேரம் பேசியே ஆளானவன். அவன் பெண்டாட்டி மரகதம் கோயிலுக்கு வேண்டிக்கொண்ட நூற்றெட்டுத் தேங்காயை, சாமியிடமே பேசிப் பதினொன்றுக்கு முடித்துவிட்டான். அன்றைக்குக் கிளம்பி வேலாங்காட்டு வலசுக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள்தான். எட்டு நாள் ஆயிற்று.

எட்டாம் நாள் சொல்லியனுப்பினாள்: "வெள்ளிக்கெழமை பன்னண்டு மணிக்குள்ள காரெடுத்துட்டு வந்து, எங்க வீதி மொனையிலிருந்து வாசல் வரைக்கும் ஆரன் அடிச்சுக் கூப்பிடோணும். வீதியே பாக்கோணும். இல்லீனா எங்கண்ணங்கூடத் திருப்பூர் போயி வேலைக்குச் சேந்துக்குவேன்."

"ஆரனுக்குப் பதிலா வாசல்ல நின்னு மூணு தரம் இருமறேன்" என்று நாச்சிமுத்து ஆள்விட்டுப் பார்த்தான். படியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டி கட்டி, காரில் உட்கார்ந்து, ஆரனை அழுத்தினான். சத்தம் வரவில்லை. பானெட்டுக்குள் 'டக்' என்றது. கையை எடுத்தான். இன்னொரு 'டக்'. அவ்வளவுதான்.

அப்போதுதான் உமக்குப் போன் போட்டார்கள். நீர் என்ன சொன்னீர்? "ஆரன் ரிலேவா இருக்கும். அது ஒண்ணுமில்லீங்க, உள்ள ஒரு வாட்ச்மேன் உக்காந்திருக்கான்னு வச்சுக்கங்க. நீங்க ஆரனை அழுத்துனா சின்னக் கரண்டு போயி அவனைத் தட்டும். அவன் டக்குன்னு கதவத் தொறந்து பெரிய கரண்ட ஆரனுக்கு உடுவான். பக்கத்துலயே அதே மாதிரி ரேடியேட்டர் பேன் ரிலே ஒண்ணு இருக்கும். ரெண்டையும் எடம் மாத்திப் போட்டுப் பாருங்க."

பானெட்டைத் திறந்தார்கள். நீர் சொன்ன இடத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருந்தன. சென்னியப்பன் இரண்டையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நாலு காலு இருக்குது, பங்காளி. கதவத்தான் காணோம்."

"வாட்ச்மேன் கதவ வெளிய காட்டிட்டா உக்காருவான்?" என்றான் பொங்கியண்ணன்.

இரண்டும் கலந்துவிடக் கூடாதே என்று நாச்சிமுத்துவுக்கு யோசனை வந்தது. வீட்டுக்குள் ஓடிக் குங்குமம் எடுத்து வந்து ஆரன் ரிலேவுக்குப் பொட்டு வைத்தான். ஒருவனுக்கு வைத்து ஒருவனுக்கு வைக்காவிட்டால் மற்றவன் மனசு சங்கடப்படும் என்று பேன் ரிலேவுக்கும் ஒரு பொட்டு வைத்தான். அப்புறம் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுவாக ஒரு முடிவெடுத்துச் சொருகினார்கள். ஆரனை அழுத்தினால் பழையபடியே 'டக்'.

மறுபடி உமக்குப் போன். "ரிலே மேல வெரலை வச்சுப் பாருங்க. அழுத்துறப்ப ஒரு டக்கு, கையெடுக்கறப்ப ஒரு டக்கு தெரியோணும். நான் சொல்ற வரைக்கும் வெரலை எடுக்காதீங்க" என்றீர். சென்னியப்பன் விரலை வைத்தான். லைன் கட்டாகிவிட்டது.

"டக்குங்குதா?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"நல்லா டக்குங்கறான். ஆளு முழிச்சுட்டுத்தான் இருக்கறான். தொறக்கத்தான் மாட்டீங்கறான்."

முழித்துக்கொண்டே வேலை செய்யாத ஆளை நாச்சிமுத்துவுக்குப் பிடிக்காது. ஒரு கை ஆரனில் இருக்க, ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பேச ஆரம்பித்தான்.

"இங்க பாரப்பா. நாள் பூரா தொறக்கச் சொல்லலை. வீதி மொனையில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. ரெண்டே ரெண்டு."

டக்.

"ரெண்டுக்கு ஒத்துக்கலை" என்றான் சென்னியப்பன்.

"செரி, வாசல்ல மட்டும் ஒண்ணு."

டக்.

"எறங்கி வர மாட்டீங்கறான், பங்காளி. எத்தன வருசமா வெக்கையில உக்காந்திருக்கானோ."

மணி பத்தரை. வலசு ஆறு கிலோமீட்டர். கிளம்பியாக வேண்டும். ஆனால் நீர் சொல்லாமல் விரலை எடுக்கலாமா? சென்னியப்பன் எடுக்கவில்லை. முன் மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து, ரிலேவில் விரலோடு, பானெட்டைத் தலையால் முட்டுக்கொடுத்தபடி வந்தான். இன்னொரு மட்கார்டில் பொங்கியண்ணன், பாரம் ஒருபக்கமாய்ச் சாயாமல் இருக்க. பானெட் மறைத்ததால் நாச்சிமுத்து தலையை வெளியே நீட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டினான். இரண்டு சைக்கிள்காரர்கள் முந்திப் போய், சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாய்க்கால் பாலத்தில் ஓர் எருமை குறுக்கே நின்றது. நாச்சிமுத்து பழக்கத்தில் ஆரனை அழுத்தினான். 'டக்' என்றதும் சென்னியப்பன் அந்தப் பக்கம் இருந்த பொங்கியண்ணனை எட்டித் தட்டி, "டக்குன்னுட்டான்" என்றான். தட்டிய தட்டில் திடுக்கிட்ட பொங்கியண்ணன், "பாஆஆம்" என்று கத்தினான். பொங்கியண்ணன் குரல் சாதாரணக் குரல் அல்ல. மூன்று தோட்டம் தாண்டி மோட்டார் நிறுத்தச் சொல்கிற குரல். எருமை வாய்க்காலில் குதித்தது.

மூவரும் வண்டியை நிறுத்தி யோசித்தார்கள்.

"அந்த மெக்கானிக் சொன்னது இதத்தான்" என்றான் நாச்சிமுத்து. "சின்ன ஆளு தட்டுனா பெரிய சத்தம் வரும்."

"அப்ப நாந்தான் ரிலேவா?" என்றான் சென்னியப்பன். நிமிர்ந்து உட்கார்ந்தான்; பானெட்டும் கூடவே உயர்ந்தது.

"மொத டக்குக்கு ஒரு தட்டு, பொங்கியண்ணன் ஆரம்பிக்கோணும். ரெண்டாவது டக்குக்கு ஒரு தட்டு, நிறுத்தோணும். தட்டாம ஆரம்பிக்கப்படாது, தட்டாம நிறுத்தப்படாது. ஆரன் அப்பிடித்தான்."

"மூச்சு உட்டுக்கலாமா?" என்று கேட்டான் பொங்கியண்ணன்.

"ஆரன் மூச்சு உடுமா? நைசா உட்டுக்க."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வலசு வீதி முனையில் கார் திரும்பியது. மரகதம் துணிப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் அண்ணன் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து ஆரனை அழுத்தினான். டக், தட்டு, "பாஆஆஆம்". வீதியே வெளியே வந்தது. மாடியில் துணி காயப்போட்டவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாளாகச் சிரிக்காத மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஆரனிலிருந்து கையை எடுத்தான் நாச்சிமுத்து. அதே நொடியில் சென்னியப்பன் தனக்கு நங்கை முறையாகும் பங்காளி பெண்டாட்டியை நேருக்கு நேர் பார்த்துவிட்டான். மரியாதை தெரிந்தவன். ஒரு விரல் ரிலேவில் இருந்ததால், தட்டுகிற கையை மட்டும் நெற்றிக்குத் தூக்கி, "நல்லாருக்கீங்களா, நங்கை" என்று கும்பிடு போட்டான்.

இரண்டாவது டக்கு வந்தது, போய்விட்டது. தட்டுவதற்குக் கை இல்லை.

"பாஆஆஆஆம்" என்று பொங்கியண்ணன் தொடர்ந்தான்.

"இப்பத் தட்றா" என்றான் நாச்சிமுத்து.

"அதெப்படி? போன டக்கு போயிருச்சு. டக்கில்லாமத் தட்டுனா அது பொய்த்தட்டு."

"அப்ப நான் இன்னொருக்கா அழுத்தறேன்."

"அது ஆரம்பிக்கச் சொல்ற டக்கு, பங்காளி. அவந்தான் ஏற்கெனவே அடிச்சுட்டிருக்கறானே. ஆரம்பிச்ச ஆளை எப்பிடி ஆரம்பிக்கச் சொல்றது?"

நாச்சிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மரகதம் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஆரன் அடிச்சா வர்றேன்னேன், நெசந்தான். இப்ப இது நின்னாத்தான் ஏறுவேன். அடுத்த பஸ்ஸு ஒண்ணரைக்கு. அதுக்குள்ள நிக்கலையின்னா நாந் திருப்பூருக்கு."

"கொஞ்சம் மெதுவா அடிச்சாச் செரியா?" என்று பேரத்தை ஆரம்பித்தான் நாச்சிமுத்து. அவள் பார்த்த பார்வையில் போனை எடுத்தான்.

மறுபடி உமக்குத்தானே போன். "ஆரன் நிக்கவே மாட்டீங்குதுங்க" என்றான். காதில் கேட்டீர் அல்லவா, அந்தச் சத்தத்தை? "ரிலே ஒட்டிக்கிச்சு. மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க, தன்னால நின்னுரும்" என்றீர். கழற்றினார்கள். நிற்கவில்லை. "பேட்டரியவே எறக்கிக் கீழ வைங்க" என்றீர். இறக்கி வாசலில் வைத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. "பேட்டரியில்லாம அடிக்குற ஆரன நான் பாத்ததே இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர். வைத்தால் ஆயிற்றா?

மணி ஒன்று ஆகப்போகிறது. மரகதம் பையோடு நிற்கிறாள். பொங்கியண்ணனுக்கு மரகதத்தின் அண்ணன் மோர் ஊற்றுகிறான், அவனும் சத்தம் அறுந்துவிடாமல் குடிக்கிறான். வீதியில் யாரும் அவனைத் தட்ட முன்வரவில்லை. ரிலே இருக்கும்போது நாம் தட்டலாமா என்று தயங்குகிறார்கள். ஆகவே, ஐயா, இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஒன்றரைக்குள் வந்து சேரும். வரும்போது புது ரிலே ஒன்று வாங்கி வாரும். சென்னியப்பன் உடம்புக்குப் பொருந்துகிற அளவில்.