கதவுப் பக்கம் நகர்ந்த தட்டு

ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுக்குக் காவல், கருவாயன் என்ற நாய். எட்டு வருஷமாக அதுதான் காவல். நரி ஊளையிட்டால் பதிலுக்கு இரண்டு மடங்கு குரைக்கும். ஒருமுறை நாகப்பாம்பையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. பயம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்பது அதன் எண்ணம்.

அப்படிப்பட்ட கருவாயன்தான் நாலு நாளாகத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை வீட்டுக்காரி செண்பகம், துணி போட்டு மூடிய கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேரே பின்கட்டு அறைக்குள் போனாள். வெளியே வரும்போது கூடை காலி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "உள்ள போகக் கூடாது, தெரியுதா?" என்று கருவாயனிடம் விரலை ஆட்டிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கருவாயன் படுக்கிற சாக்கைக் காணோம். அது அந்த அறைக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. கருவாயன் மோந்து பார்த்தது. குப்பென்று ஒரு வாடை! பூனை வாடை மாதிரிதான் இருந்தது.

'பூனை என்றால் மதில்மேல் அல்லவா ஓடும்? பூனைக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா?' என்று யோசித்தது. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

திங்கட்கிழமை சோற்றுத் தட்டு இடம் மாறியது. எட்டு வருஷமாக வாசல் வேப்பமரத்தடியில் இருந்த தட்டு, கூடத்துக்குள் வந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் நாலடி உள்ளே போனது. புதன்கிழமை பார்த்தால், பின்கட்டுக் கதவுக்கு இரண்டே முழம்! போதாக்குறைக்குச் சோற்றின் மேல் முழுசாக ஒரு மீன் தலை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் மீனைக் கண்ணில் காட்டாத வீடு அது.

கருவாயன் மீன் தலையைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. அந்த வாடை அதன் வழியாக வந்துகொண்டே இருந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் சாப்பிடப் பயமாக இருந்தது. ஆமாம், நம் கருவாயனுக்குத்தான்! சோற்றை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

வேப்பமரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஒரு மனக்குறை உண்டு. தட்டு வாசலில் இருந்தவரை தினமும் நாலு வாய் திருடித் தின்று பழகிய காக்கை அது. தட்டு வீட்டுக்குள் போனதிலிருந்து அதற்கு வாசலில் ஒரு பருக்கை கிடையாது.

"என்ன அண்ணே, முகமே சரியில்லையே?" என்று கேட்டது.

கருவாயன் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியது. காக்கை கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

"தாழ்ப்பாள் போட்டிருக்காங்களா?"

"ஆமா."

"பூனை வாடை?"

"ஆமா."

"உள்ளேயிருந்து சத்தம்?"

"ஒண்ணும் இல்லை. அதுதான் எனக்குப் புரியல!"

"பூனைன்னா கத்துமே அண்ணே! சத்தம் காட்டாமப் பதுங்குறது யாரு? புலி! பதுங்குறது எதுக்குன்னு உனக்கே தெரியும்."

கருவாயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடையிலயா புலி வரும்?"

"வரும்போது குட்டியா வந்திருக்கும். நாலு நாளா வேளாவேளைக்குச் சோறு போட்டா வளராதா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே அதுவும் வாயைத் திறந்தது.

"புலியைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. ஆனா திடீர்னு நல்ல சாப்பாடு போட்டா அது எதுக்குன்னு எங்க கூட்டத்துக்கே தெரியும். எங்க அண்ணனுக்கு அகத்திக்கீரையைக் கட்டுக் கட்டாப் போட்டாங்க. ஆடி மாசம் ஆளையே காணோம்."

"கேட்டியா அண்ணே?" என்று காக்கை குதித்தது. "உன் சாக்கு ஏன் உள்ள போச்சு? உன் வாடை அதுக்குப் பிடிக்குதான்னு பார்க்கத்தான். தட்டு ஏன் நகருது? உன்னைப் பக்கத்துல கொண்டு போகத்தான். நாளைக்குக் கதவு திறக்கும். நீதான் அதுக்குச் சாப்பாடு!"

"செண்பகமா அப்படிச் செய்வா? இன்னைக்குக் காலையிலகூட என் காதைத் தடவிக் கொடுத்தாளே! எப்பவும் விட ரொம்ப நேரம் தடவினா."

"வெட்டுறதுக்கு முந்தி எங்களையும் தடவுவாங்க" என்றது ஆடு.

காக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "உன்னை நினைச்சா எனக்கு அழுகையா வருது அண்ணே. ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடிடு. குரைக்காமப் போ. குரைச்சா அதுக்குப் பசி எடுத்துடும்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நாய் போய்விட்டால் செண்பகம் என்ன செய்வாள்? வாசலில் சோற்றை வைத்துக் கூப்பிடுவாள். காக்கையின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கருவாயனுக்கு எதுவும் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அது கிளம்பியது. நாலு எட்டு வைக்கும், திரும்பிப் பார்க்கும். எட்டு வருஷம் காத்த வீடு. போக மனசே வரவில்லை. 'நான் என்ன குறை வைத்தேன்?' என்று கேட்டுக்கொண்டே ஏரிக்கரை மேட்டில் ஏறியது.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"கருவாயா! எங்கடா போனே? சோறு காயுதுடா!"

கருவாயன் காதை மடக்கிக்கொண்டது. குரல் மறுபடி வந்தது. அதற்கும் மேல் ஒருமுறை வந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

கருவாயன் திரும்பி நின்றது. 'குரல் ஏன் நின்றது? வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். உள்ளே புலி இருக்கிறது. நான் கிடைக்கவில்லை என்றால் அது யாரைத் தின்னும்?'

அதற்குமேல் அது யோசிக்கவில்லை. மேட்டிலிருந்து உருண்டும் புரண்டும் வீட்டைப் பார்த்துப் பறந்தது. அவள் தன்னைக் கொல்லத்தான் வளர்த்தாளா இல்லையா என்பதெல்லாம் மறந்துபோயிற்று. செண்பகம் கொண்டுவந்து வைத்த தட்டு வேப்பமரத்தடியில் இருந்தது. மீன் தலை காக்கையின் வாயில் இருந்தது. கருவாயன் எதையும் பார்க்காமல் உள்ளே பாய்ந்தது.

கூடத்தில் செண்பகம் இல்லை. சமையற்கட்டிலும் இல்லை. பின்கட்டுக் கதவு மட்டும் அப்படியே சாத்தியிருந்தது.

கருவாயன் கதவின் முன்னால் போய் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவைப் பார்த்துப் பேசியது.

"ஏய் புலி! அவளை விட்டுடு! வேணும்னா என்னைத் தின்னு!"

கதவுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"நான் யாரையும் தின்னலையே... நீங்கதானே என்னைத் தின்னப் போறீங்க?"

கருவாயன் விழித்தது. "யாரு நீ?"

"நான் பூனைக்குட்டி."

"குட்டியா? எவ்வளவு பெருசு?"

"தெரியல. இங்க ஒரு பழைய செருப்பு கிடக்கு. அதுமேல படுத்தா வால் மட்டும் வெளிய இருக்கும்."

"அப்போ ஏன் நீ கத்தவே இல்லை?"

"பின்னாடி ஜன்னல்ல ஒரு காக்கா மாமா வந்தாரு. வெளிய ஒரு பூதம் இருக்கு, கத்தினா கதவை உடைச்சுக்கிட்டு வந்துடும்னு சொன்னாரு. என் சோத்துல பாதியை அவரே தின்னுட்டாரு. நான் மெலிஞ்சிருந்தா பூதம் என்னை வேண்டாம்னு விட்டுடுமாம்."

கருவாயனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பிறகு இரண்டில் எது வந்தது என்றே தெரியவில்லை. அப்படியே தரையில் படுத்து மூக்கை இடைவெளியில் வைத்தது.

"நீங்க பூதமா?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"இல்லை. நாய்."

"நாய்னா என்ன?"

இப்படி யாரும் கருவாயனைக் கேட்டதில்லை. ரொம்ப யோசித்துத்தான் சொன்னது. "எங்கேயும் போகாம இங்கேயே இருக்கிறவன்." சொல்லிவிட்டு, சற்றுமுன் தான் போன இடத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டது.

இடைவெளி வழியாக ஒரு குட்டிக் கால் வெளியே வந்தது. அது கருவாயனின் மூக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தது.

தெருத்தெருவாக நாயைத் தேடி அலுத்துப்போய்ச் செண்பகம் அப்போதுதான் உள்ளே வந்தாள். மூக்கும் காலும் சேர்ந்திருந்ததைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அட நாசமாப் போறவங்களா! ஒண்ணோட வாடை ஒண்ணுக்குப் பழகட்டும், கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு வைச்சுக் கிட்டக் கிட்டக் கொண்டு வா, பத்து நாள் கழிச்சுத் திறன்னு மாட்டு டாக்டர் சொன்னாரே! நீங்க அஞ்சே நாள்ல முடிச்சுட்டீங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. எழுந்து தாழ்ப்பாளை எடுத்தாள்.

வெளியே வந்தது புலி அல்ல. ஒரு கைப்பிடி பூனைக்குட்டி. முடியெல்லாம் சிலிர்த்திருந்தது. கருவாயன் ஒரு அடி பின்னால் போனது. குட்டியும் ஒரு அடி பின்னால் போனது. இரண்டும் ஒன்றையொன்று ஏற இறங்கப் பார்த்தன.

வாசலிலிருந்து காக்கை எட்டிப் பார்த்தது. "நம்பாதே அண்ணே! அது பூனை வேஷம் போட்ட புலி!"

கருவாயன் குரைத்த குரைப்பில் ஓட்டுக்கூரையே அதிர்ந்தது. காக்கை பறந்து போன திசைகூடத் தெரியவில்லை.

பூனைக்குட்டி மெல்ல நடந்து வந்து, கருவாயனின் முன்னங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"இத்தனை நாளும் கதவுக்கு அந்தப் பக்கம்தானே மாமா இருந்தீங்க? நான் யாருன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

மரத்துமேல் இருந்தவனிடம் கேட்டது, வேலிக்கு அப்பால் நின்றவன் சொன்னதைக் கேட்டது, இரண்டு விரல் இடைவெளிக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவாயன் குட்டியின் தலையை ஒருமுறை நக்கிக் கொடுத்தது.

ஒருவன் எப்படிப்பட்டவன் என்று ஊரெல்லாம் விசாரிப்பதைவிட, அவன் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிக் கேட்பதே மேல்.