பாழுங்கிணற்றில் கேட்ட அழுகை

மலையடிவாரக் காட்டில் ஒரு மலைமைனா இருந்தது. கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிப் பேசும். வனக்காவலரின் விசில், கிளம்ப மறுக்கும் பைக், இரண்டு கிளிகளின் சண்டை எதுவும் அதற்குப் பாக்கியில்லை.

அன்று அது குரங்குக் கூட்டத்தைக் கூப்பிட்டது.

"இன்றைக்கு உங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிறேன். ஆனால் நான் சொல்லும்வரை யாரும் பல்லைக் காட்டக் கூடாது."

"யார் இன்றைக்கு மாட்டினது?" என்றது தலைவன் குரங்கு.

"அதோ, மரத்தில் ஏறிப் புளி உலுக்குகிறானே, சென்றாயன். ஒரு விசில் அடித்தால் போதும். வனக்காவலர் வந்துவிட்டார் என்று இறங்கி ஓடுவான் பார்."

மைனா அலகைத் திறந்தது. அதற்குள் ஒரு புள்ளிமான் மூச்சிரைக்க ஓடிவந்து அந்தப் புளியமரத்தடியில் நின்றது.

"அண்ணே, என் குட்டி பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. காலையிலிருந்து தத்தளிக்கிறது. உங்களிடம் கயிறு இருக்கிறதே, கொஞ்சம் வாருங்கள்."

சென்றாயன் உலுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தக் கிணத்துல பாதிப் படி இடிஞ்சு கெடக்கு. ஒரு மான்குட்டிக்காக நான் எறங்கி உசுரை விடணுமா? எனக்கும் வீட்டுல பிள்ளை இருக்கு."

"அதுவும் பிள்ளைதானே அண்ணே."

"உனக்குப் பிள்ளை. அடுத்த வருசம் இன்னொண்ணு போட்டுக்க, போ."

மான் கிணற்றை நோக்கித் திரும்பி ஓடியது.

"இப்போ சிரிக்கலாமா?" என்றது தலைவன் குரங்கு.

"இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு மைனா மானின் பின்னால் பறந்தது.

கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்றில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. கீழே ஒரே இருட்டு. கல்லில் முன்னங்கால்களை ஊன்றியிருந்த குட்டியின் மூக்கு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கத்தவும் அதற்குத் தெம்பில்லை.

போன வாரம் காட்டுப் பாதையில் முள் குத்தி அழுத ஒரு சிறுமியின் குரல் மைனாவிடம் இருந்தது. அதை எடுத்தது.

"மாமா... கிணத்துல விழுந்துட்டேன் மாமா..."

சென்றாயன் மரத்திலிருந்து குதித்தான். செருப்பைக்கூடத் தேடவில்லை. கயிற்றோடு ஓடிவந்து, அதைக் கிணற்றோர வேம்பில் கட்டி, சரசரவென்று இறங்கினான். ஒரு கல் பெயர்ந்து முழங்காலைக் கிழித்தது. அவன் குனிந்தும் பார்க்கவில்லை.

மைனா அழுதுகொண்டே இருந்தது. நிறுத்தினால் அவன் ஏறிவிடுவானே. தொண்டை கட்டிக்கொண்டது, அப்போதும் விடவில்லை.

அடியில் கழுத்தளவு தண்ணீரில் சென்றாயன் கைகளால் துழாவினான். நடுங்கும் உடம்பொன்று அகப்பட்டது. வாரி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"பயப்படாத கண்ணு. மாமன் வந்துட்டேன்ல."

அதன் நெஞ்சு அவன் நெஞ்சின்மேல் படபடவென்று அடித்தது. சமாதானமாகக் காலைத் தடவிக்கொடுத்தான். விரல் இல்லை. குளம்பு இருந்தது.

அழுகை மேலேயிருந்து வந்தது.

சென்றாயன் மெல்லத் தலையைத் தூக்கினான். ஆலங்கன்றில் மைனா. அதற்கும் மேலே, விளிம்பில், தாய்மானின் முகம்.

"நீதானா அது?" என்றான்.

மைனா அலகை மூடியது. அவன் குட்டியை விட்டுவிடுவானோ என்று பார்த்தது. அணைத்த கை அணைத்தபடியே இருந்தது.

நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் எல்லா உயிரும் ஒன்றுபோலத்தான் துடிக்கும்; தள்ளி நின்று பார்ப்பவனுக்குத்தான் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரியும்.