வாத்தியார் தேடிய பேட்டரி

அம்மணி என்றதும் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்திரண்டு வயது. தாராபுரம் பக்கத்தில், முன்பு கோழிப்பண்ணையாக இருந்த ஒரு நீளக் கொட்டகையில் மடம் நடத்துகிறார். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருபது பாய், ஒரு அடுப்பு, வருகிறவர்களுக்குச் சாப்பாடு. அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருசம் சர்க்யூட் போர்டுக்குச் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டால், "வந்துட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் நாச்சிமுத்து வாத்தியார். அறுபத்தைந்து வயது. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போய் மகள் வயதுப் பெண்ணிடம் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று சிரித்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் கண்டுகொள்ளவில்லை. அந்த மனுசரிடம் எனக்குப் பிடித்ததே அந்த ஒன்றுதான். மற்றபடி சரியான பிடிவாதக்காரர்.

ஒரு வியாழக்கிழமை காலையில் துணிப்பையோடு வந்தார். மடத்துச் சமையலில் கூடமாட இருக்கிற நானும் அம்மணியும் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பைக்குள்ளிருந்து ஒரு ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். சொம்பு அளவு இருக்கும். செல்போனில் ஓடுவதை ஒயர் இல்லாமலே வாங்கிச் சத்தமாகக் கேட்க வைக்குமே, அந்த வகை. மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"அம்மணி, உறை மேலயே பட்டனை அமுக்கிப் பார்த்தேன், உசுரே இல்லை. இதுக்கு ஒரு பேட்டரி வேணுங்க. ஏழு கடை ஏறி இறங்கிட்டேன். இந்த மாடலே இப்ப வர்றதில்லைங்கறாங்க."

"வேற ஸ்பீக்கர் வாங்கிக்கலாமே வாத்தியாரே."

"இல்லீங்க. இதேதான் பாடணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள பாடணும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். எழுந்து போகிற உத்தேசம் எனக்கு இல்லை.

"என் பொண்ணு வர்றா" என்றார். "நிறைமதி. அஞ்சு வருசங்கழிச்சு."

விசயம் இதுதான். ஐந்து வருசத்துக்கு முன்னால் மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். வாத்தியார் போகவில்லை, பேச்சையும் நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் காது மந்தம், செல்போனில் செய்தி கேட்கச் சிரமப்படுகிறாரே என்று அவள் இந்த ஸ்பீக்கரை வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். இவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இப்போது அவளாகவே இறங்கி வந்து, புருசனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"வந்ததும் மொதல்ல இதைத்தான் தேடுவா அம்மணி. தினமும் இதுலதான் செய்தி கேக்கறேன்னு சொல்லிட்டேன்னா அவ மனசு ஆறிடும்."

"தினமும் கேட்டீங்களா?"

"இல்லைன்னுதானே சொல்லிட்டிருக்கறேன். கேட்ட மாதிரி இருக்கணும்."

அம்மணி சிரித்துவிட்டார். "பொய் சொல்றதுக்கு ஏழு கடை ஏறியிருக்கீங்க."

"சிரிக்காதீங்க. எனக்கு அவளைப் பார்க்கணும். பேத்தியை நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன். இதனால மறுபடியும் உறவு கெட்டுடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்குதுங்க."

அம்மணி சிரிப்பை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல ரிப்பேர் பாக்கறவங்க யாரும் இல்லையா?"

"இல்லீங்க" என்றார் வாத்தியார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கடையில என்னன்னு கேட்டீங்க?"

"ஸ்பீக்கர் பேரு, மாடல் நம்பர் எல்லாத்தையும் சீட்டுல அழகா எழுதிக் காட்டினேனுங்க."

"உள்ள இருக்கற பேட்டரிக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது வாத்தியாரே."

அம்மணி உறையைக் கிழித்தார். வாத்தியாருக்கு அதற்கே மனசு கேட்கவில்லை, "மெதுவாங்க, மெதுவாங்க" என்றார். அடியில் ஒட்டியிருந்த ரப்பரை அம்மணி நகத்தால் நெம்பினார். அதற்குக் கீழே நாலு பொடி ஸ்க்ரூ. கழற்றினால் உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு தட்டை பேட்டரி, நன்றாக உப்பிக் கிடந்தது.

"அமுக்கிடாதீங்க, குத்திடாதீங்க, தீப்பிடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒயரின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து மண் போட்ட ஒரு தகர டப்பாவில் வைத்தார். அதன் மேல் பொடி எழுத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது.

"கனம், அகலம், நீளம் மூணும் இந்த நம்பருக்குள்ளயே இருக்குது. பக்கத்துல வோல்ட்டும் போட்டிருக்கு. டப்பாவோட கொண்டு போங்க, ஸ்பீக்கரையும் எடுத்துக்குங்க. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பல்கீஸ்னு ஒரு அக்கா பேட்டரிக் கடை வச்சிருக்காங்க. வாயைத் திறக்காம இதைக் காட்டுங்க போதும்."

முப்பது வருசம் பேசியே பிழைத்த மனுசரிடம் வாயைத் திறக்காதே என்றால் நடக்கிற காரியமா?

சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கிடைக்கலையா?" என்றார் அம்மணி.

"கிடைச்சுடுச்சுங்க. நம்பரைப் பார்த்தாங்க, ஒரு டிராயரை இழுத்தாங்க, எடுத்துட்டாங்க. மீட்டர் வச்சுப் பார்த்தாங்க, ஒயர் கலரும் சரியா இருக்குதுன்னாங்க. பழசை அவங்களே வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"எத்தனை வருசம் ஓடுச்சு சார்னு கேட்டாங்க. அஞ்சு வருசம், தினமும் செய்தி கேப்பேன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமைக்குச் சொல்லிப் பார்த்த மாதிரி இருக்குமேன்னுதான்."

"அதுக்கு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "சிரிச்சுட்டாங்க. 'சார்ஜ் ஒயர் சொருகற ஓட்டையில ஒரு கீறல் இல்லை, இதுவா அஞ்சு வருசம் ஓடுச்சு? இது ஓடிச் சாகலை சார், சும்மா போட்டு வச்சே செத்திருக்கு'ன்னாங்க. ரெண்டு நிமிசத்துல மாட்டித் தர்றேன்னுதான் சொன்னாங்க. எனக்கு அங்க நிக்கவே கூச்சமாப் போச்சு. வாங்கிட்டு ஓடியாந்துட்டேன். நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க அம்மணி."

அம்மணி புதுப் பேட்டரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த அக்காவுக்குத் தொழிலே அது, கண்டுபிடிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு அவ்வளவு தெரியாதுல்ல?"

நான் குழாயை மூடினேன்.

"தெரியுங்க" என்றார் வாத்தியார். "அந்தப் பையனுக்குத் தெரியும்."

"எந்தப் பையன்?"

"திருமூர்த்தி. அவ புருசன். பல்லடத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். பேட்டரி மாத்தறதுதான் அவனுக்குப் பொழப்பே."

"காலையில கேட்டேன், யாரும் இல்லேன்னீங்க."

"வாய் வரலைங்க." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன் எங்கிட்டப் படிச்சவன். ஒன்பதாவதுல நான்தான் ஃபெயில் போட்டேன். கிளாஸ்ல டெஸ்க்குக்கு அடியில ஒரு ரேடியோவைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நாப்பது பேரு முன்னாடி எழுப்பி நிறுத்தி, 'நீ ஸ்க்ரூ கழட்டத்தான்டா லாயக்கு'ன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டே போயிட்டான். என் பொண்ணு அவனைத்தான் கட்டுவேன்னு நின்னப்ப என்னால தாங்க முடியலை. இப்ப நெனச்சா எனக்கே என்னைப் பிடிக்கலை அம்மணி. அவன் மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது?"

பிடிவாதக்காரர் என்று அவரை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அம்மணி ஸ்பீக்கரின் அடி மூடியைச் சும்மா பொருத்தினார். நாலு ஸ்க்ரூவையும் ஒரு காகிதத்தில் மடித்தார். புதுப் பேட்டரியை அதன் கவரிலேயே போட்டார். தன்னுடைய சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்து, எல்லாவற்றையும் துணிப்பைக்குள் வைத்து வாத்தியாரிடம் நீட்டினார்.

"மாட்டலீங்களா?"

"மாட்டத் தெரிஞ்சவருதான் ஞாயித்துக்கிழமை வர்றாரே."

வாத்தியார் பையை வாங்கவில்லை. "அவன்கிட்டயா? நான் போயி என்னன்னு கேப்பேன்?"

"'மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க'ன்னு கேளுங்க."

"எப்படிச் செத்துச்சுன்னு கேட்டா?"

"பீரோவுல வச்சிருந்தேன்னு சொல்லுங்க."

"நிறைமதி பக்கத்துலயே நிப்பாளுங்களே."

"நிக்கட்டும்."

வாத்தியாரின் உதடு அசைந்தது. "மாப்பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை எனக்கே கேட்டது. கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க. கேட்டுடறேன். அவன்... அவரு உக்காந்து வேலை பாக்கறப்ப நான் என்னங்க பண்றது? மூஞ்சியைப் பார்த்துட்டுச் சும்மா உக்காந்திருக்க என்னால முடியாதே."

"அந்த ஸ்க்ரூ ரொம்பப் பொடிசு வாத்தியாரே" என்றார் அம்மணி. "வெளிச்சம் பத்தாது. நீங்க டார்ச் பிடிங்க."