சுவரில் விழுந்த கை

மலையடியில் ஓர் ஆசிரமம். குரு ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். சீடர் மாசிலாமணி வயதில் அவரைவிட மூத்தவர். தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்.

மலையை உடைக்க ஒரு குவாரிக்காரன் மனுப் போட்டிருந்தான். உடைத்தால் ஊற்று போய்விடும். ஊருக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. மறுநாள் கலெக்டர் விசாரணை. ஊர் சார்பில் பேச வேண்டியவர் மாசிலாமணி.

அதற்கு ஸ்லைடு செய்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் புரொஜெக்டரைப் போட்டார். கை கழுவி வந்த ஊர்க்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

முதல் ஸ்லைடு. சிவப்பு எழுத்துகள் சுழன்று சுழன்று வந்தன.

"எழுத்து ஏன் ஓடுது?" என்றார் குரு.

"அழகுக்கும்மா."

"படிக்கிறவரும் பின்னாடியே ஓடணுமா?"

அடுத்தது. அரசாணை, சர்வே எண், மழைக் கணக்கு. மஞ்சள், பச்சை, ஊதா. கீழே ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ.

குரு எழுந்து புரொஜெக்டர் முன்னால் கையை நீட்டினார். சுவரின் மேல்பாதி இருண்டது.

"என்ன போச்சு?" என்று கூடத்தைக் கேட்டார்.

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அரசாணைம்மா," என்றார் மாசிலாமணி.

"உங்களைக் கேக்கல."

கை நடுவுக்கு வந்தது. "இப்ப?"

"ஏதோ நம்பருங்க," என்றார் ஒருவர். "கை வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியல," என்றார் பக்கத்திலிருந்தவர். சிரிப்பு.

கை ஓரத்துக்குப் போனது.

"ஐயோ, நம்ம ஊத்து மறையுதும்மா!"

கத்தியது செங்கமலம். தினமும் அந்த ஊற்றில் குடம் நிரப்புகிறவள்.

குரு கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மாசிலாமணியின் முகம் சுருங்கிவிட்டது. "அலைஞ்சு திரிஞ்சு சேர்த்ததும்மா. ஒண்ணுகூடப் பொய்யில்ல."

"பொய்னு யார் சொன்னா?"

மாசிலாமணி அந்த ஸ்லைடைத் திருத்தத் திறந்தார். எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாக அழித்தார். போட்டோவைப் பெரிதாக்கினார். கறுத்த பாறை. அதில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். கீழே ஒரு குடத்தின் வாய். சுவர் முழுக்க அதுதான்.



மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா. இது எந்த இடம், யார் குடிக்கிறாங்க, உடைச்சா என்ன ஆகும்னு கலெக்டர் கேட்டா?"

குரு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அவர் கேக்கணும்னுதானே போறீங்க?"