சுண்டைக்குளத்தில் செய்த மின்சாரப் பலகை

சுண்டைக்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்வார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் ஊரைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்கிற கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை அவர்களுக்குச் சொன்னதே நாங்கள்தான்.

இந்த ஊரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர் இசக்கியப்பன். தன் புத்தியின் மேல் அவருக்கு எந்தக் காலத்திலும் பெரிய நம்பிக்கை கிடையாது. அதனால் எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வார். அந்த நாலு பேரும் சுண்டைக்குளத்துக்காரர்களாக அமைந்தது அவர் தப்பில்லை.

போன வருசம் அவருடைய தங்கச்சி சொர்ணத்தின் மூத்த பிள்ளைக்குப் பொட்டல்விளையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். இசக்கியப்பன் சீர்த்தட்டோடு மினிபஸ்ஸுக்குக் காத்திருந்தார். டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, பஸ் வந்தா எனக்கு ஒரு சத்தம் குடும்" என்று சொல்லியிருந்தார். பஸ் வந்தது. இவர் டீக்கடைக்குப் போய்ச் சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது.

வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தி முடித்தாயிற்று. சொர்ணம் அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் புருசன் நயினார் மட்டும், "அடுத்த பிள்ளைக்காவது மச்சான் சொந்த வண்டியில நேரத்துக்கு வரட்டும்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இசக்கியப்பனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட சோறு அவருக்கு இறங்கவில்லை.

இந்த வருசம் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். இசக்கியப்பன் தன் கூட்டாளிகளைக் கூட்டினார். கட்டில் செய்கிற ஆசாரி கொம்பையா வந்தார். கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிற தளவாய் வந்தார். எட்டாங்கிளாஸ் வரை படித்தவரும் பெரிய போன் வைத்திருப்பவருமான தையல்கார மரியபுஷ்பம் வந்தார்.

"ஒரு வண்டி வாங்கணும்," என்றார் இசக்கியப்பன்.

கொம்பையா தலையை ஆட்டினார். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு? சொந்த வண்டின்னு சொன்னாரு. வாங்குனா அது கம்பெனி செஞ்ச வண்டிதான வே. நம்ம கையால செஞ்சாத்தான் சொந்த வண்டி."

இதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் பிடிபட்டது. ஆனால் இசக்கியப்பனுக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது. அதற்கும் மரியபுஷ்பத்தின் போனில் வழி இருந்தது. அதில் ஒரு வீடியோவில், வெளிநாட்டுப் பையன் ஒருவன் பலகை ஒன்றின் மேல் நின்றபடி ரோட்டில் வழுக்கிக்கொண்டே போனான். பலகைக்கு அடியில் நாலு சக்கரம், ஒரு மோட்டார், ஒரு பேட்டரி. கையில் ஒரு ரிமோட். பெடலும் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை.

"இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு? நிக்கத்தான வேணும்," என்றார் இசக்கியப்பன். "நிக்க எனக்குத் தெரியும்."

போனிலேயே முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறையும் இருந்தது. மரியபுஷ்பம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "முதலில் நீளமான பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளவும்."

"எவ்வளவு நீளம்?" என்றார் கொம்பையா.

"நீளமானன்னு மட்டுந்தான் போட்டிருக்கு."

கொம்பையா ஊரிலேயே நீளமான பலகையைத் தேடிப் பிடித்தார். கொத்தனார்கள் சாரத்தில் போட்டு நடக்கிற பலகை அது. ஐந்து பேர் வரிசையாகப் படுக்கலாம். அதை இழைத்து, சக்கரம் பூட்டி, பட்டறையை விட்டு வெளியே எடுக்கப் பார்த்தபோது வாசலில் இருந்த முடுக்குச் சந்தில் திரும்பவில்லை. கொம்பையா முடுக்கை முழம்போட்டுப் பார்த்துவிட்டு, "பலகையில ஒரு குத்தமும் இல்ல. முடுக்குதான் குட்டை," என்றார். எதிர்வீட்டு வாசல் வழியாக உள்ளே போய்க் கொல்லை வழியாக வெளியே வந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலை மடக்கி வழிவிட்டார்கள்.

மோட்டார், தளவாய் வீட்டு மாவாட்டுகிற கிரைண்டரிலிருந்து வந்தது. பேட்டரியும் அவருடைய மைக்செட் பேட்டரிதான்.

"பேட்டரியைத் தண்ணீர் படாத இடத்தில் வைக்கவும்," என்று வாசித்தார் மரியபுஷ்பம்.

அன்று சாயங்காலம் முழுக்க இதைத்தான் பேசினார்கள். வீட்டுக்குள் என்றால் பானை இருக்கிறது, செம்பு இருக்கிறது. கோயில் என்றால் அபிஷேகம் நடக்கிறது. கடைசியில் தளவாய்தான் வழி சொன்னார். "நம்ம ஊருல கட்டுன நாள்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணி படாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டி."

உடனே கிளம்பினார்கள். ஏணி வைத்து ஏறி, தொட்டிக்குள் துண்டு விரித்து, பேட்டரியைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் சுண்டைக்குளத்துக் குழாய்களில் தண்ணீர் வந்தது. ஊரே குடத்தோடு ஓடியது. நாலு பேர் மட்டும் ஏணியோடு ஓடினார்கள்.

தளவாய் வேறொரு பேட்டரி கொடுத்தார். "பழையதும் வீணில்ல வே," என்று ஆறுதல் சொன்னார். "அதை வச்சதாலதான் தண்ணியே வந்துச்சு."

காதுகுத்து நாளும் விடிந்தது. பலகையைக் கொண்டுவந்து மெயின்ரோட்டில் வைத்தார்கள். இசக்கியப்பன் புதுவேட்டி கட்டி, மேலே அகலமான பச்சை பெல்ட் போட்டு வந்தார். தலைக்கவசம் அணிய வேண்டும் என்று இருந்ததால் கடையிலிருந்து அளவான ஒரு சாம்பார் வாளியைத் தலையில் கவிழ்த்து, கைப்பிடியைத் தாடைக்குக் கீழே விட்டுக்கொண்டார். சீர்த்தட்டுகளைக் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்துகொண்டார்கள். அவர் ஏறி நின்று ரிமோட்டை அழுத்தினார்.

மோட்டார் உறுமியது. பலகை நகரவில்லை.

மரியபுஷ்பம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இருக்கு, இருக்கு. மோட்டார் சுற்றியும் பலகை நகராவிட்டால் பெல்ட் தளர்வாக உள்ளது. பெல்ட்டை இறுக்கவும்."

கொம்பையா இசக்கியப்பனுடைய பச்சை பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கினார். மோட்டார் உறுமியது. பலகை நகரவில்லை.

"இன்னும் ஒரு ஓட்டை இறுக்கும் வே," என்றார் தளவாய்.

இறுக்கினார்கள். கொம்பையா ஒரு பக்கமும் தளவாய் ஒரு பக்கமும் நின்று, முதுகில் முழங்காலைக் கொடுத்து இழுத்தார்கள். இசக்கியப்பனுக்குக் கண் பிதுங்கியது.

"நவுந்துச்சா?" என்று ஈனமான குரலில் கேட்டார்.

"இல்ல. ஆனா நீரு கொஞ்சம் உயந்திருக்கீரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொட்டல்விளையில் காது குத்துகிற ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருப்பார். சொர்ணம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருசச் சிரிப்பு இசக்கியப்பனின் காதில் மறுபடி கேட்டது. வாளிக்குள் இருந்ததால் கொஞ்சம் உரக்கவே கேட்டது.

அப்போதுதான் பின்னால் மினிபஸ் வந்து ஹாரன் அடித்தது. ரோட்டை அடைத்துக் கிடந்தது பலகை. கண்டக்டர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி இது? எங்க போகணும்?" என்றார்.

"பொட்டல்விளை."

"நாங்களும் அங்கதான் போறோம். நேரமாச்சு. பலகைய மேல ஏத்திட்டு ஏறுங்க."

இசக்கியப்பன் இறங்கக் காலைத் தூக்கினார். மரியபுஷ்பம் தடுத்தார். "அண்ணாச்சி, இறங்கிராதீங்க. ‘மோட்டார் ஓடத் தொடங்கிய பின் பலகையிலிருந்து காலை எடுக்கக் கூடாது, பெரிய ஆபத்து’ன்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கு."

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மோட்டாரை எப்படி நிறுத்துவது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. போனில் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே நின்றது. ஆகையால் கண்டக்டர், டிரைவர், பயணிகள், கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து பலகையை இசக்கியப்பனோடு தூக்கி பஸ் கூரையில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். நேரமாகிவிட்டதால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டாளிகள் மூவரும் சீரோடு உள்ளே ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பலகை நகர்ந்தது.

இசக்கியப்பன் முழங்காலை லேசாக மடக்கினார். பார்வையைத் தூரத்தில் வைத்தார். இரண்டுமே செய்முறையில் இருந்தவை. வேப்பங்கிளை வந்தபோது இன்னும் கொஞ்சம் மடக்கினார். அது வாளியை மட்டும் தடவிவிட்டுப் போனது. காற்று வேட்டியைப் படபடவென்று அடித்தது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார்கள். வாழ்நாளிலேயே முதல்முறையாக, தான் அப்படியொன்றும் முட்டாள் இல்லையோ என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது.

கீழே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தளவாய் கத்தினார். "எப்படி ஓடுது வே?"

"குலுக்கலே இல்ல. வளைவுல அதுவா திரும்புது. ஸ்டாப்பு வந்தா அதுவா நிக்குது."

"பெல்ட்டு?"

"அதுதான் மூச்சு விடமுடியல. ஆனா அதனாலதான ஓடுது."

பொட்டல்விளை ஸ்டாப்பில் நயினார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். தூரத்தில் பஸ் தெரிந்தது. அதற்கு மேல், வானத்தில் பாதி உயரத்தில், சாம்பார் வாளி பளபளக்கத் தன் மச்சான் நின்றபடி வருவதும் தெரிந்தது. அவன் கைக்கட்டு தானாக அவிழ்ந்தது. சொர்ணம் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். போன வருசத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

"அண்ணே, வந்துட்டியா," என்றாள்.

இசக்கியப்பன் ரிமோட்டில் பிரேக்கை அழுத்தினார். பஸ் நின்றது. அதற்குள் போனில் அடுத்த பக்கம் வந்துவிட்டதால், தளவாய் மேலே ஏறி பேட்டரி வயரைப் பிடுங்கினார். உறுமல் அடங்கியபிறகுதான் இசக்கியப்பன் பலகையை விட்டுக் காலை எடுத்தார்.

பந்தலில் மடியில் பிள்ளையை வைக்கப் பார்த்தால் மாமனுக்கு உட்காரவே முடியவில்லை. பெல்ட்டைத் தளர்த்த நயினார் கையை வைத்தான். "தொடாதீங்க மாப்ள, வண்டி நின்னுரும்," என்றார் இசக்கியப்பன். "வண்டி நின்னாச்சு மச்சான்," என்று நயினார் பதமாக எடுத்துச் சொன்னபிறகு சம்மதித்தார். பிள்ளைக்கு இரண்டு காதும் குத்தியாயிற்று. பிள்ளை அழவில்லை, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது நயினார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெற்றிலைத் தட்டை மச்சான் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், வரும்போது பஸ்ஸையும் பாத்தேனே. பஸ்லயா வந்தீங்க?"

"பஸ்ஸா? அது எனக்குக் கீழ வந்துட்டிருந்துச்சு."

நயினார் இதை யோசித்துப் பார்த்தான். தன் கண்ணால் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது. மனசுக்குள் இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்துபோய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

இசக்கியப்பன் பெரிய மனசோடு ரிமோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"தாராளமா ஓட்டுங்க மாப்ள," என்றார். "அடுத்த பஸ் வரட்டும்."