கஞ்சி மொண்ட நரி

குறும்பைக் காட்டில் மூன்று மாதமாக மழை இல்லை. தனித்தனியாகத் தேடி யாருக்கும் வயிறு நிறையவில்லை. அதனால் மிருகங்கள் எல்லாம் கிடைத்ததைக் கொண்டுவந்து, குளத்தோரம் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சின. சமைத்தது முள்ளரசி என்ற முள்ளம்பன்றி. பரிமாற முந்திக்கொண்டு வந்தது வாலப்பன் என்ற நரி.

நரியின் கையில் ஓர் அகப்பை. கொட்டாங்குச்சியில் மூங்கில் காம்பு செருகியது. முயல்கள் அதை ஆப்பை என்றன. குரங்குகள் கரண்டி என்றன. நரி மட்டும் செங்கோல் என்றது.

கிழங்கும் தினையும் பானையின் அடியில் தங்கும். மேலே வெறும் தண்ணீர் நிற்கும். தலைவர் தொந்தியப்பக் கரடி வந்தால், நரி முழங்கைவரை கையை இறக்கி அடியிலிருந்து அள்ளிப் போடும். முயல் வந்தால் மேலாக மொண்டு ஊற்றும். தன் முறை வந்தால் பானைக்குள் தலையையே விட்டுவிடும்.

செவந்தி என்ற முயலுக்கு ஆறு குட்டிகள். கடைக்குட்டியால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

"கொஞ்சம் அடியில விட்டு அள்ளிப் போடுங்கண்ணே! பிள்ளை சுருண்டு கிடக்குது!" என்றது செவந்தி.

"அள்ளுறதா? மண்ணைத்தான் அள்ளுவாங்க! கஞ்சியை மொள்ளணும்! தமிழ் தெரியாதா உனக்கு?" என்றது நரி.

செவந்தி கரடியிடம் முறையிட்டது.

"எனக்கு முழு முழுக் கிழங்கா வருது. மென்னு முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது! உனக்கு என்னம்மா குறை?" என்று ஏப்பம் விட்டது கரடி.

"எல்லாருக்கும் ஒரே கஞ்சிதான் ஐயா!" என்று பக்கத்தில் நின்ற நரி வாலை ஆட்டியது.

மறுநாள் காலை செவந்தி முள்ளரசியிடம் போனது.

"அக்கா, இன்னிக்கு நீ கிண்டாதே!"

"ஐயையோ, அடிப்பிடிச்சுடுமே!"

"பிடிக்கட்டும். அடியில இருக்கிறது எப்படியும் எங்களுக்கு வரப்போறதில்லை."

"என் சமையலுக்குக் கெட்ட பேரு வந்துடுமே!"

"என் பிள்ளை செத்தா மட்டும் நல்ல பேரு வருமா?"

முள்ளரசி கிண்டும் துடுப்பைத் தரையில் வைத்துவிட்டு, அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளியது.

தீய்ந்த வாடை காடெங்கும் வீசியது. நரி அப்போது தலைவரைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதன் மூக்கு வேலை செய்யாது. வழக்கம்போல அடியில் விட்டு அள்ளிக் கரடிக்குப் போட்டது; செவந்தியின் கொட்டாங்குச்சிச் சிரட்டையில் மேலாக மொண்டு ஊற்றியது.

"த்தூ! கஞ்சியா இது, கரியா?" கரடி செவந்தியின் சிரட்டையை எட்டிப் பார்த்தது. "எல்லாருக்கும் ஒரே கஞ்சின்னியே! அவளுக்கு வெள்ளை, எனக்குக் கரியா? என்னைக் கொல்லப் பார்க்கிறியா?"

கரடி கையை ஓங்கியது. நரி காலில் விழுந்தது.

"சத்தியமா இல்லை ஐயா! தினமும் மாதிரியேதான் உங்களுக்கு மட்டும் அடியில இருந்து அள்ளினேன்! இதுங்களுக்குத்தான் மேல்தண்ணியை மொண்டு ஊத்தினேன்!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது நரிக்கே உறைத்தது.

"தினமுமா?" என்று குரங்குகள் எழுந்து நின்றன.

கரடி செவந்தியின் சிரட்டையை வாங்கிக் குடித்துப் பார்த்தது. வெறும் தண்ணீர்தான் இருந்தது. தன் தொந்தியைக் கையால் மறைக்கப் பார்த்தது. மறைக்க முடிகிற தொந்தியா அது? பிறகு தன் குகைக்குப் போய், ஒரு பெரிய தேனடையைக் கொண்டுவந்து கடைக்குட்டியின் முன்னால் வைத்தது. பஞ்ச காலத்தில் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கரடியும் சொல்லவில்லை.

குட்டி நக்கியது. கொஞ்ச நேரத்தில் காதை ஆட்டியது. செவந்தி அழுதேவிட்டது.

அகப்பையை இனி முறைவைத்துப் பிடிப்பது, பிடிப்பவர் கடைசியாகச் சாப்பிடுவது என்று அன்றே முடிவானது. தீய்ந்த பானையைச் சுரண்டும் வேலை நரிக்குக் கிடைத்தது. மூன்று நாள் சுரண்டியது.

பரிமாறுகிறவன் முகம் பார்த்துப் பரிமாறினால், என்றாவது ஒருநாள் அவன் வாயே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.