இடப்பக்கமா, வலப்பக்கமா

பரிசளிப்பு வேட்டுச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து கொட்டு. பனைகள் மறைத்ததில் ஆட்கள் தெரியவில்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று சங்கையாவுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உத்தண்டிதான்," என்றார்.

சாமி குடிசை வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். சங்கையாவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சங்கையாவுக்கு அவர்தான் குரு.

இருவருக்கும் நடுவில், ஓடையிலிருந்து ஆட்கள் தூக்கிவந்து போட்ட சங்கையாவின் மயிலைக் காளை கிடந்தது. முன்னங்கால் முறிந்திருந்தது. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இனி எழாது என்று சொல்லிப் போய்விட்டார். சங்கையா வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணே விழுந்தது?"

"கொடியை நான்தான் சாமி முதல்ல எடுத்தேன். திரும்பி வாரேன், உத்தண்டியும் வீரணனும் எதிர்ல ஜோடி போட்டு வாராங்க. பேசிச் சிரிச்சுக்கிட்டு."

எல்லையில் நட்ட கொடியைப் பிடுங்கிக்கொண்டு வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும். முந்துகிறவனுக்குப் பிந்துகிறவர்களின் முகம் தெரிவது அப்போது மட்டும்தான்.

"அவங்கதான் பேசிக்கிறதே இல்லையே."

"வாய்க்கால் தகராறுல வெட்டுக்குத்து வரைக்கும் போனவங்க. அதான் எனக்குச் சந்தோசமாப் போச்சு. சரி, சமாதானம் ஆயிட்டாங்கன்னு கையைத் தூக்கிக் காட்டினேன். பாவிக வழி விடல. மயிலை ஓடையில இறங்கிருச்சு."

சாமி சட்டிக்குள் தண்ணீர் விட்டு அலசினார்.

"அம்புட்டுப் பகை. எப்படிச் சாமி சேர்ந்தாங்க? அது மட்டும் எனக்குப் புரியணும்."

"தெரியலண்ணே," என்றார் சாமி. சட்டியைக் கவிழ்த்து அடிக்கரியைத் தேய்க்கத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் வீரணனே வந்தான். காளையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நல்ல மாடு மச்சான்."

"எம்மேல உனக்கு என்னடா கோவம்?"

"உம்மேலயா? ஒரு கோவமும் இல்ல. நீ முன்னால போன. அம்புட்டுத்தான்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அந்த உத்தண்டியப் போய்ப் பாரு. மாலையும் கழுத்துமா நிக்கான். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்து ஊராட்சித் தலைவருக்கு நிக்கப் போறானாம். விட்டா நம்ம தலை மேல ஏறி நடந்துருவான்."

"அதுக்கு?"

"ஆனிப் பந்தயத்துல அவன் கொடி எடுத்துத் திரும்புறப்ப நாம ரெண்டு பேரும் ஜோடி போட்டு எதிர்ல போவோம். மிஞ்சின உன் செவலைக் காளைக்கு இணையா என் தொழுவத்துல ஒண்ணு நிக்கு. ஓட்டிக்கோ."

சங்கையா காளையின் காலைப் பார்த்தார். வேட்டு இன்னும் ஓயவில்லை. வேப்பங்கொத்தைக் கீழே வைத்தார்.

"நான் இடப்பக்கமா, வலப்பக்கமா?"

வீரணன் சிரித்தான். சங்கையாவுக்கும் சிரிப்பு வந்தது. வீரணன் அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

சட்டி தேய்க்கும் சத்தம் நின்றிருந்ததைச் சங்கையா அதன் பிறகுதான் கவனித்தார். சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி?"

"எப்படிச் சேர்ந்தாங்கன்னு கேட்டீங்களேண்ணே," என்றார் சாமி. "இப்பத்தான் பார்த்தேன்."

சங்கையா குனிந்து வேப்பங்கொத்தை எடுத்தார். காயத்தில் மொய்த்திருந்த ஈக்களை ஓட்டத் தொடங்கினார்.